லண்டனிலிருந்து பாரிசுக்கு: மருத்துவ அட்டை, பயணக் காப்புறுதி, பார்சல் வரி – புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

போன வருடம் என் தங்கச்சியின் மகளுக்குச் சாமத்திய வீடு. பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குக் கிட்ட ஒரு மண்டபம். நான் லண்டன் ஹாரோவில் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். பிள்ளையின் தோழிகள் ஆறு பேருக்கு உடுப்புத் தைக்கச் சொல்லி அவர்களின் பெற்றோர் ஓடர் தந்திருந்தார்கள். தைத்து, இரண்டு கிழமைக்கு முன்னாலேயே பார்சலில் அனுப்பிவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை ரயில் ஏறினேன். இறங்கினால், பார்சல் இன்னும் கூரியர்க்காரரிடம். 200 யூரோவுக்கு மேல் கட்டினால்தான் தருவோம் என்று தங்கச்சிக்குச் செய்தி வந்திருந்தது. சனிக்கிழமை மண்டபத்துப் படியில் அம்மா சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவவின் மருத்துவ அட்டை காலாவதியாகி, ஹாரோ வீட்டு மேசை லாச்சிக்குள் கிடந்தது. பயணக் காப்புறுதி எடுக்கவில்லை. மூன்று நாளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அந்த ஒரு கிழமையில் படித்ததையும், அதற்குப் பிறகு மாதக்கணக்காகக் கடிதம் எழுதித் தெரிந்துகொண்டதையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்த பிறகு 2021 ஜனவரி 1 முதல் ஒரு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. மருத்துவ அட்டை, வரியில்லா வணிகம் இரண்டும் அதற்குள் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் நிபந்தனை உண்டு. அட்டை கேட்கிறவர் எங்கே வாழ்கிறார் என்று பார்ப்பார்கள். பொருளென்றால் அது எங்கே உருவானது என்று பார்ப்பார்கள், எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. நான் தடுக்கி விழுந்தது இந்த இரண்டிலும்தான்.

1. யாருக்கு எந்த அட்டை என்று முதலில் பாருங்கள்

இங்கே பிரித்தானியாவில் வாழ்கிறவர்களுக்குக் கிடைப்பது ஜிஎச்ஐசி என்ற மருத்துவ அட்டை. ஒன்றிய நாடுகளிலும் சுவிட்சர்லாந்திலும் செல்லும். 2024 ஜனவரியிலிருந்து நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நாடுகளிலும் செல்லும். போன இடத்தில் வருத்தம் வந்தாலோ விபத்து நடந்தாலோ, அந்த நாட்டு அரச மருத்துவத்தில் அந்த ஊர்க்காரருக்கு என்ன செலவோ அதே செலவில் உங்களையும் பார்ப்பார்கள்.

நம் ஆட்களில் கனபேர் பிரெஞ்சு, டச்சு, டெனிஷ், ஜேர்மன் கடவுச்சீட்டோடு லண்டனுக்கும் லெஸ்டருக்கும் வந்து குடியேறியவர்கள். நீங்கள் 2021 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இங்கே சட்டப்படி வாழ்கிற ஒன்றிய நாட்டுக் குடிமகன் என்றால், உங்களுக்குப் பிரித்தானியா கொடுக்கும் ஈஎச்ஐசி என்ற ஐரோப்பிய மருத்துவ அட்டை கிடைக்கலாம். விண்ணப்பத்தில் அதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்து நிற்கும் அம்மா, அப்பா, மாமிக்கு இந்த அட்டை இல்லை. அவர்கள் இங்கே வாழ்கிறவர்கள் அல்ல. அவர்களைப் பாரிசுக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் செங்கன் விசா (பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா) எடுக்க வேண்டும். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் விசா தேவை. கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 11 வயது வரையுள்ள பிள்ளைக்கு 45, அதற்குக் கீழே இலவசம். விசா நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் முடியாது. கோடை விடுமுறைக்கு அப்பொயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. ஆகவே மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு, நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவும் சேர்த்த காப்புறுதி கேட்பார்கள். ஜிஎச்ஐசி அட்டையைக் காட்டி அதற்குப் பதிலாக ஏற்கச் சொல்ல முடியாது.

2. அட்டைக்கு விண்ணப்பிப்பது

இது முழுக்க இலவசம். தேடுபொறியில் அட்டையின் பெயரை அடித்தால் மேலே வருவது பெரும்பாலும் காசு வாங்கும் இடைத்தரகர் பக்கங்கள்தான். பார்வைக்கு அரசாங்கப் பக்கம் மாதிரியே இருக்கும். காசு கட்ட வங்கி அட்டை விபரம் கேட்டால் உடனே மூடிவிடுங்கள். இங்குள்ள அரச மருத்துவ சேவையான என்எச்எஸ் இணையதளத்துக்குள் போய், அங்கிருக்கும் இணைப்பின் வழியாக மட்டும் விண்ணப்பியுங்கள். அட்டையை வழங்குவது என்எச்எஸ் பிசினஸ் சர்வீசஸ் அதாரிட்டி.

கையில் எடுத்து வைக்க வேண்டியவை: முழுப்பெயர், பிறந்த திகதி, வீட்டு முகவரி, நேஷனல் இன்சூரன்ஸ் எண், என்எச்எஸ் எண். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் என்றால் வதிவிட உரிமைக்கான ஆதாரமும் கேட்கலாம். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நம் பெயர்களில் தகப்பன் பெயர் எங்கே, சொந்தப் பெயர் எங்கே என்ற குழப்பம் எப்போதும் இருக்கும். அட்டையில் ஒன்றும் கடவுச்சீட்டில் ஒன்றுமாக இருந்தால் ஆஸ்பத்திரி மேசையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

குடும்பத்துக்கு ஒரு அட்டை போதும் என்று நினைக்காதீர்கள். ஆளுக்கொரு அட்டை, கைக்குழந்தைக்கும் தனி அட்டை. 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அட்டை தபாலில் வரும், அதற்கு ஒரு மாதம் ஒதுக்கிவையுங்கள். பொதுவாக ஐந்து வருடம் செல்லும். பழைய ஈஎச்ஐசி அட்டை வீட்டில் இருந்தால் அதில் உள்ள முடிவுத் திகதி வரை செல்லும். இப்போதே எழுந்து போய் அந்தத் திகதியைப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டது அதைத்தான்.

அட்டை கையில் இல்லாமல் மாட்டிக்கொண்டாலும் வழி இருக்கிறது. அதே அதாரிட்டிக்கு வெளிநாட்டிலிருந்து தொலைபேசி எடுத்து, அட்டைக்குப் பதிலான தற்காலிகச் சான்றிதழைக் கேட்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்புவார்கள். அலுவலக நேரத்தில்தான் கிடைக்கும். அம்மா விழுந்தது சனிக்கிழமை, எனக்குச் சான்றிதழ் வந்தது திங்கட்கிழமை மத்தியானம். அதுவரை ஆஸ்பத்திரியில் கையொப்பம் வைத்துப் பொறுப்பெடுத்துக்கொண்டு நின்றோம். அந்தத் தொலைபேசி எண்ணைப் போக முதலே உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

3. காப்புறுதியை விட்டுவிடாதீர்கள்

அட்டை இருக்கிறதே, காப்புறுதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அம்மாவின் கதையே பதில். மாவுக்கட்டுப் போட்டதற்கும் எக்ஸ்ரேக்கும் அட்டைக்குப் பதிலாக வந்த சான்றிதழ் உதவியது. ஆனால் அவவால் உடனே பயணம் செய்ய முடியவில்லை. ரயில் டிக்கட் இரண்டும் வீண். மேலும் ஐந்து நாள் தங்கிப் புதிய டிக்கட் எடுத்தோம். டாக்சி, நான் தொழிலுக்குப் போகாத நாட்கள் எல்லாம் கைக்காசு. எங்களுக்கு நடந்தது சின்ன முறிவு. இதுவே மாரடைப்பாகி, தாதியோடு விமானத்தில் கொண்டுவர வேண்டி வந்திருந்தால் அந்தச் செலவில் ஒரு சதமும் அட்டை தராது. தனியார் ஆஸ்பத்திரி, மலையில் மீட்புப் பணி, ஓர் உயிர் போய்விட்டால் உடலைக் கொண்டுவருவது, எதையும் அட்டை தொடாது. சிகிச்சை எடுப்பதற்கென்றே போவதற்கும் இது செல்லாது. டயாலிசிஸ், கீமோ எடுக்கிறவர்கள் போக முதலே அங்குள்ள அரச ஆஸ்பத்திரியோடு பேசி நாள் குறித்துக்கொள்ள வேண்டும்.

காப்புறுதியை டிக்கட் எடுத்த அன்றைக்கே எடுங்கள். பயணத்துக்கு முதல்நாள் எடுத்தால், இடையில் வருத்தம் வந்து பயணத்தை நிறுத்த வேண்டி வந்தாலும் காசு கிடைக்காது. அப்புறம், நம் வீடுகளில் கட்டாயம் கவனிக்க வேண்டியது இது: சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். "பிரஷர் குளிசை எல்லாரும்தானே போடுகிறார்கள்" என்று அம்மா சொல்லுவா. காப்புறுதி நிறுவனம் அப்படிப் பார்க்காது. சொல்லாமல் விட்ட வருத்தத்தைக் காரணம் காட்டி முழுக் கோரிக்கையையும் தள்ளிவிடலாம். மருந்துப் பட்டியலைக் குடும்ப வைத்தியரிடம் அச்செடுத்து வாங்கி, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்புங்கள். வயதும் வருத்தமும் கூடியவருக்கு விலை ஏறத்தான் செய்யும். அப்படியானவர்களுக்குக் காப்புறுதி தரும் நிறுவனங்களின் பட்டியலை மணிஹெல்ப்பர் என்ற சேவை வைத்திருக்கிறது, அதில் தேடுங்கள்.

வருடத்தில் இரண்டு மூன்று தரம் ஐரோப்பா போகிற குடும்பம் என்றால் வருடாந்தத் திட்டம் பெரும்பாலும் இலாபம். ஒரு பயணம் எத்தனை நாள் வரை என்ற வரம்பை மட்டும் பாருங்கள். ஜிஎச்ஐசி அட்டையைக் காட்டிச் சிகிச்சை எடுத்தால், கோரிக்கையில் நீங்கள் கைக்காசாகக் கட்ட வேண்டிய முதல் பங்கை வேண்டாம் என்று விட்டுவிடும் நிறுவனங்களும் உண்டு. அட்டையும் காப்புறுதியும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

4. பிரான்சில் வைத்தியரிடம் போனால்

அவசரத்துக்கு 112, அல்லது 15.

இங்கே போல் அங்கே காசில்லாமல் வைத்தியரைப் பார்க்க முடியாது. முதலில் கட்ட வேண்டும், பிறகு திருப்பி எடுக்க வேண்டும். அரச திட்டத்தோடு ஒப்பந்தத்தில் இருக்கும் வைத்தியரா என்று முன்கூட்டியே கேளுங்கள். "கொன்வன்சியோனே" என்பதுதான் சொல். அதிலும் "செக்தேர் அன்" வைத்தியர் நிர்ணயித்த கட்டணம் மட்டும் வாங்குவார். பொது வைத்தியருக்கு அது 2024 டிசம்பர் கடைசியிலிருந்து 30 யூரோ. அதில் 70 சதவீதம், அதாவது 21 யூரோ அரச பங்கு. அதிலிருந்து 2 யூரோ பிடிப்பார்கள், கடைசியில் 19 வரும். மிச்சம் உங்களுடையது. பிரெஞ்சுக்காரர்களில் பெரும்பாலோர் அந்த மிச்சத்துக்குத் தனிக் காப்புறுதி வைத்திருக்கிறார்கள், நமக்கு அது இல்லை.

காசு திரும்பி வர வேண்டுமென்றால் வைத்தியரிடம் "ஃபெய் து சுவான்" என்ற படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். ஊர்க்காரரிடம் பச்சை நிற மருத்துவ அட்டை இருப்பதால் இந்தப் படிவத்தைத் தானாகத் தர மாட்டார்கள், கேட்டால்தான் எழுதித் தருவார்கள். மருந்துச் சீட்டின் பிரதி, பற்றுச்சீட்டு எல்லாம் சேர்த்து வைத்து, அங்கேயே இருக்கும் அரச மருத்துவக் காப்புறுதி அலுவலகத்துக்கு அனுப்பலாம். இல்லையென்றால் இங்கே வந்து என்எச்எஸ் பிசினஸ் சர்வீசஸ் அதாரிட்டியிடம் கேட்கலாம். நான் இங்கே வந்துதான் கேட்டேன், காசு வர நாலு மாதம் ஆனது. ஒரு மருந்துக்கடைப் பற்றுச்சீட்டு வெளிறி எழுத்தே தெரியாமல் போனதால் அந்தத் தொகையை விட்டுவிட வேண்டி வந்தது. ஆகவே வாங்கிய உடனே படம் எடுத்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் தங்கினாலும் முழுச் செலவையும் அட்டை ஏற்காது. பொதுவாகச் செலவில் 20 சதவீதமும், நாளுக்கொரு நிலையான கட்டணமும் உங்கள் பக்கம் வரும். காப்புறுதி தாங்குவது இதையும்தான்.

5. கடவுச்சீட்டும் சாப்பாட்டுப் பையும்

பிரித்தானியக் கடவுச்சீட்டில் இரண்டு திகதி பாருங்கள். நீங்கள் நுழையும் நாளில் அது வழங்கப்பட்டு 10 வருடம் தாண்டியிருக்கக் கூடாது. வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும். 2018 செப்டம்பருக்கு முன் வழங்கிய சில கடவுச்சீட்டுகளில் பழையதன் மீதி மாதங்களையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். முடிவுத் திகதி தள்ளி இருக்கிறதே என்று நம்பிப் போனவர்களைப் பெட்டியோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், அது செங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. 2025 ஒக்டோபர் 12 முதல் விரல் அடையாளமும் முகப்படமும் எடுக்கும் முறை தொடங்கியிருக்கிறது. செயின்ட் பான்கிராசிலும் டோவரிலும் பிரெஞ்சு அதிகாரிகள் இந்தப் பக்கத்திலேயே பார்ப்பார்கள். பிள்ளைகளோடு போனால் நேரத்தோடு போங்கள். ஈடியாஸ் என்ற 20 யூரோ முன்அனுமதியும் வர இருக்கிறது. அது வருவதற்கு முன்பே அதன் பெயரில் காசு பிடுங்கும் பக்கங்கள் வந்துவிட்டன, கவனம்.

இனிச் சாப்பாடு. இங்கிருந்து பிரான்சுக்கு இறைச்சியோ பாற்பொருளோ கொண்டுபோகத் தடை. நெய்ப் போத்தல், பால்கோவா, இறைச்சி வைத்த ரோல்ஸ் எதுவும் வேண்டாம். கேக், பிஸ்கட் பரவாயில்லை. கருவாடும் மாசியும் ஆளுக்கு 20 கிலோ வரை போகும், யாருக்கு அவ்வளவு வேண்டும்! மரக்கறி, பழம், இலைகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை. அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டூரியன் ஐந்துக்கும் மட்டும் விலக்கு. ஆகவே தங்கச்சி கேட்டாலும் கறிவேப்பிலைக் கட்டை வைக்காதீர்கள்.

திரும்பி வரும்போது நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது மட்டன் ரோல்ஸில். கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோய் காரணமாக 2025 ஏப்ரல் 12 முதல் ஆடு, மாடு, பன்றி இறைச்சியையும் பாற்பொருளையும் ஒன்றிய நாடுகளிலிருந்து இங்கே கொண்டுவரத் தனிப்பட்ட பயணிகளுக்குத் தடை. லா சப்பல் கடையில் சூடாக வாங்கிப் பையில் வைத்தாலும் அதேதான். அபராதம் 5,000 பவுண்ஸ் வரை போகலாம்.

நகையும் காசும்: 10,000 யூரோவோ அதற்கு மேலோ காசாகக் கொண்டுபோனால் எழுதிக் காட்ட வேண்டும். போட்டுக்கொண்டு போகும் சொந்த நகைக்குப் பற்றுச்சீட்டோ பழைய படமோ போனில் வைத்திருங்கள். பரிசுப் பொருள் ரயிலில் கொண்டுபோனால் ஆளுக்கு 300 யூரோ வரையும், விமானத்திலோ கப்பலிலோ என்றால் 430 யூரோ வரையும் வரியில்லை. இங்கே திரும்பும்போது வரம்பு 390 பவுண்ஸ்.

விற்பதற்கான பொருளுக்கு இந்த விலக்கு எதுவும் இல்லை. பெட்டிக்குள் பத்து உடுப்பு வைத்து "சொந்தத்துக்கு" என்று சொல்லாதீர்கள். வணிகப் பொருள் என்று அறிவித்துத்தான் கொண்டுபோக வேண்டும். விசா இல்லாமல் போகிற வணிகர், வணிகக் கூட்டத்துக்கும் கண்காட்சிக்கும் போகலாம்; ஆனால் பொதுமக்களுக்கு நேரடியாக விற்க முடியாது. கோயில் திருவிழாவில் கடை போடச் சொல்லிக் கூப்பிட்டால், இதை விசாரித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

6. பார்சல் அனுப்ப முதலில் ஈஓஆர்ஐ எண்

இனி என் தொழில் பக்கம். வீட்டிலிருந்து மாதம் இரண்டு பார்சல் அனுப்புகிறவராக இருந்தாலும் ஏற்றுமதியாளர்தான். வரித் திணைக்களமான எச்எம்ஆர்சி தரும் ஈஓஆர்ஐ எண் வேண்டும். சுங்கத்தில் உங்களை அடையாளம் காட்டும் எண் அது. இலவசம். ஜி, பி என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் 12 இலக்கமும். சுயதொழில் வரி எண், நேஷனல் இன்சூரன்ஸ் எண், தொழில் தொடங்கிய திகதி எடுத்துவைத்துக்கொண்டு இணையத்தில் விண்ணப்பியுங்கள். சிலருக்கு உடனே வரும், சிலருக்கு ஐந்து வேலை நாள் வரை ஆகும்.

இங்கேயும் காசு வாங்கும் தரகர் பக்கங்கள் உண்டு. வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு விதி வேறு, இதை அப்படியே பின்பற்றாதீர்கள்.

7. உங்கள் பொருள் எந்த ஊர்க்காரர்?

என்னை விழுத்தியது இந்தப் படிதான்.

ஒப்பந்தப்படி பிரித்தானியாவுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே இறக்குமதித் தீர்வை இல்லை என்று எல்லாரும் சொல்லுவார்கள். அது பிரித்தானியாவில் அல்லது ஒன்றியத்தில் "உருவான" பொருளுக்கு மட்டும். சூரத்திலிருந்து வந்த துணியை நான் ஹாரோவில் வெட்டி, தைத்து, மணி கோத்துப் போடுகிறேன். என் கையால் செய்தது, ஆகவே பிரித்தானியப் பொருள் என்று நினைத்தேன். ஒப்பந்தம் அப்படிச் சொல்லவில்லை. தைத்த உடுப்புக்குப் பொதுவாக இரண்டு கட்டமும் வேண்டும். துணி நெய்வதும் இங்கே நடக்க வேண்டும், வெட்டித் தைப்பதும் இங்கே நடக்க வேண்டும். தைப்பது மட்டும் போதாது. பெட்டி மாற்றுவது, லேபிள் ஒட்டுவது, இஸ்திரி போடுவது எல்லாம் கணக்கிலேயே வராது.

அதனால் நடந்த கணக்கைப் பாருங்கள். ஆறு உடுப்பு, 600 யூரோ. அனுப்பும் செலவு 30. மொத்தம் 630. ஒன்றியத்தில் தைத்த உடுப்புக்குத் தீர்வை பெரும்பாலும் 12 சதவீதம்: 75 யூரோ 60 சதம். இரண்டையும் கூட்டினால் 705.60. அதற்குப் பிரான்சின் பெறுமதி சேர் வரி 20 சதவீதம்: 141.12. ஆக 216 யூரோ 72 சதம். அதற்கு மேல் கூரியர்க்காரரின் கையாளும் கட்டணம். துணி இந்தியாவிலிருந்து இங்கே வரும்போது கட்டிய தீர்வை வேறு. ஒரே துணிக்கு இரண்டு தரம்.

வெங்கலம், எவர்சில்வர், ரெடிமேட் சுரிதார் என்று இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ எடுத்து இங்கிருந்து ஐரோப்பாவுக்கு விற்கிற எல்லாருக்கும் இதே கதைதான். வழி என்ன? நான் இப்போது செய்வது: பாரிஸ் ஓடர்களில் இயன்றவற்றுக்கு இத்தாலியில் நெய்த துணி எடுக்கிறேன். ஒன்றியத்தில் உருவான துணி என்று நெசவாலை எழுத்தில் தந்தால், இங்கே தைத்தாலும் அது கணக்கில் சேரும். இந்தியத் துணிதான் வேண்டும் என்றால் வரியையும் சேர்த்து விலை சொல்லுகிறேன். பெரிதாக எடுத்து விற்கிறவர்களுக்கு, சரக்கை லண்டனுக்குக் கொண்டுவராமல் நேரே பாரிசுக்கு இறக்குவதுதான் நல்லது. இலங்கையில் உருவான பொருளுக்கு ஒன்றியம் தரும் ஜிஎஸ்பி பிளஸ் என்ற தீர்வைச் சலுகை, அதன் விதிகளுக்கு உட்பட்டு நேரே போனால் கிடைக்கலாம். லண்டனில் இறக்கி, வரி கட்டி, பிரித்து அனுப்பினால் அந்தச் சலுகை போய்விடும்.

பொருள் தகுதி பெற்றால், அதைச் சொல்லும் உறுதிமொழி வாசகத்தை விலைப்பட்டியலில் (இன்வொயிஸ்) உங்கள் ஈஓஆர்ஐ எண்ணோடு எழுத வேண்டும். வாசகம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, சொல் மாறாமல் அப்படியே எடுங்கள். ஆதாரங்களை நாலு வருடம் வைத்திருக்க வேண்டும். தகுதியில்லாத பொருளுக்கு அதை எழுதினால் பொய் அறிவிப்பு.

8. விலைப்பட்டியலும், வரி யார் கட்டுவது என்பதும்

பார்சலில் "உடுப்பு" என்று மட்டும் எழுதினால் இப்போது எடுக்க மாட்டார்கள். என்ன உடுப்பு, யாருக்கு, எந்தத் துணி, எத்தனை, விலை, எடை, உருவான நாடு, குறைந்தது ஆறு இலக்கப் பொருட்குறியீடு எல்லாம் வேண்டும். தபாலில் என்றால் 270 பவுண்ஸ் வரை சிஎன்22 படிவம், அதற்கு மேல் சிஎன்23. காசுக்கு விற்றதைப் "பரிசு" என்று எழுதச் சொல்லி வாடிக்கையாளர் கேட்பார். வேண்டாம். பரிசுக்கும் வரியில்லா வரம்பு 45 யூரோதான்.

அடுத்தது வணிக நிபந்தனை. கூரியர் பக்கத்தில் டிஏபி, டிடிபி என்று இரண்டு தெரிவு இருக்கும். டிஏபி என்றால் வாசல் வரை கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் பொறுப்பு, வரி கட்டுவது வாங்குபவர். டிடிபி என்றால் வரியும் நீங்களே. நான் விலை குறைவு என்று பார்த்து டிஏபியை அழுத்தினேன், தங்கச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடுப்பை வாங்கும் தாய்மார் "முழுக் காசும் கட்டிவிட்டோமே" என்று கேட்டார்கள், அவர்கள் கேட்டது நியாயம். இப்போது ஓடர் எடுக்கும்போதே வரி உட்பட விலை சொல்லி, தபாலின் முன்கூட்டியே வரி கட்டும் சேவையில் அனுப்புகிறேன். மூன்றாவதாக ஈஎக்ஸ்டபிள்யூ என்று ஒன்று வரும். அதில் இங்கிருந்து ஏற்றுமதி செய்வதே வாங்குபவரின் தலையில் விழுகிறது. பாரிசில் இருப்பவருக்கு அது சரிவராது, தொடாதீர்கள்.

150 யூரோவுக்குள் இருக்கும் பார்சலுக்கு ஐஓஎஸ்எஸ் என்ற முறையில் பெறுமதி சேர் வரியை விற்கும்போதே வாங்கிக் கட்டலாம். ஆனால் பிரித்தானிய விற்பனையாளர் ஒன்றியத்தில் ஒரு இடையாளரை வைக்க வேண்டும், அவருக்குக் கட்டணம். மாதம் சில பார்சலுக்குக் கட்டாது. எட்சி, ஈபே மாதிரியான தளங்களின் வழியாக விற்றால் அந்த வரியை அவர்களே வாங்கிக் கட்டிவிடுவார்கள். ஒரு ஓடரை 150-க்குள் வர இரண்டாகப் பிரித்து ஒரே நாளில் ஒரே ஆளுக்கு அனுப்பினால் ஒன்றாகச் சேர்த்தே பார்ப்பார்கள். 2026 ஜூலை 1 முதல் இந்தச் சின்னப் பார்சல்களுக்கும் ஒவ்வொரு பொருள் வகைக்கும் 3 யூரோ தீர்வை என்று ஒன்றியத்தின் நிதியமைச்சர்கள் 2025 டிசம்பரில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விலை போடும்போது அதையும் சேருங்கள்.

பொருட் பாதுகாப்பு விதி ஒன்றும் 2024 டிசம்பர் 13 முதல் இருக்கிறது. மக்களுக்கு விற்கும் பொருளுக்கு ஒன்றியத்துக்குள் ஒரு பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் வேண்டும். இணையத்தில் கடை வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

9. பார்சல் திரும்பி வந்தால்

பிறகு ஒருதரம் லீல் நகரத்து வாடிக்கையாளர் ஒருவர் வரி கேட்டதும் பார்சலை ஏற்க மறுத்துவிட்டார். மூன்று கிழமை கழித்து அது என் வாசலுக்கே வந்தது, இறக்குமதி வரிக் கடிதத்தோடு. என் சொந்தப் பொருளுக்கு நானே இறக்குமதி வரி!

கட்டத் தேவையில்லை. அனுப்பிய பொருள் மாற்றமில்லாமல் மூன்று வருடத்துக்குள் திரும்பி வந்தால் வரிவிலக்குக் கேட்கலாம். அதற்கு நீங்கள் அனுப்பியதை நிரூபிக்க வேண்டும்: அனுப்பிய பற்றுச்சீட்டு, சுங்கப் படிவத்தின் பிரதி, விலைப்பட்டியல், பார்சலைப் பின்தொடரும் எண், மறுத்ததைக் காட்டும் கூரியர் செய்தி. திருப்பி அனுப்பும்போதே வெளிப்பக்கத்தில் "திரும்பிவரும் பொருள்" என்று ஆங்கிலத்தில் எழுதி, பழைய பின்தொடரும் எண்ணையும் போடச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. என்னிடம் சுங்கப் படிவத்தின் பிரதி இல்லாததால் இரண்டு மாதம் இழுத்தது. இப்போது ஒவ்வொரு பார்சலையும் ஒட்டுவதற்கு முன் மேசையில் வைத்து, நாலு பக்கமும், படிவமும், உள்ளே மடித்து வைத்த உடுப்பும் தெரியப் படம் எடுத்து, ஓடர் எண்ணைப் பெயராகப் போட்டுச் சேமித்து வைக்கிறேன். ஒரு பார்சலுக்கு மூன்று நிமிடம் ஆகிறது.